உணவைக் காக்கும் கலை

பசி நாள்தோறும் வருகின்றது. விளைவு நாள்தோறும் வருவதில்லை. மாமரம் ஆண்டில் ஒரு பருவத்தில் காய்த்து ஓய்கின்றது. நெல் அறுவடை சில வாரங்களில் முடிந்துவிடுகின்றது. தக்காளி ஒரு திங்களில் வாங்குவாரின்றிக் குவிகின்றது. மற்றொரு திங்களில் விலை ஏறி ஏழைக்கு எட்டாப் பொருளாகின்றது. நாள்தோறும் வரும் பசிக்கும் பருவந்தோறும் வரும் விளைவுக்கும் நடுவேயுள்ள இடைவெளியை நிரப்புவதற்காக மக்கள் கண்ட கலையே உணவைக் காக்கும் கலையாகும்.

உண்பவர் ஓரிருவர் மட்டுமே ஆயின், குறைவை எவ்வாறேனும் ஈடுசெய்துகொள்ளலாம். பெரிய குடும்பத்தில் அஃது எளிதன்று. பன்னிருவர் வாழும் ஓர் இல்லத்தை எடுத்துக்கொள்க. ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 400 கிராம் அரிசி எனக் கொண்டால், ஒரு நாளைக்கு 4 கிலோ 800 கிராம் வேண்டும். ஓராண்டுக்கு 1,750 கிலோவுக்கும் மேல் வேண்டும். பருப்பு, புளி, மிளகாய், எண்ணெய் முதலியன இக்கணக்கில் அடங்கா. ஆகவே, பெரிய குடும்பத்தை நடத்திய தமிழ்நாட்டுத் தாய்மார் சமைப்பதில் மட்டுமன்றிக் கணக்கிடுவதிலும் காப்பதிலும் வல்லவராய் விளங்கினர்.

பழைய உழவர் இல்லங்களில் நெல்லைச் சேமித்து வைக்க மண்ணாற் செய்த குதிர்களும் மரத்தாற் செய்த பத்தாயங்களும் இருந்தன. நன்கு உலர்த்திய நெல்லையே அவற்றில் இடுவர். வண்டு அணுகாதிருக்க வேப்பிலையையும் நொச்சியிலையையும் இடையிடையே பரப்புவர். துவரையைச் செம்மண் குழம்பிற் பிசறி உலர்த்திக் காப்பர். புளியைக் கொட்டை நீக்கி, உப்புச் சேர்த்து, சாடியில் அழுத்தி வைப்பர். பங்குனி, சித்திரைத் திங்களில் வெயில் முதிர்ந்ததும் முற்றத்திலும் மேல்தளத்திலும் பாய்கள் விரியும். கொத்தவரையும் சுண்டைக்காயும் மணத்தக்காளியும் மோரிலும் உப்பிலும் ஊறிப் பின்னர் வெயிலிற் காய்ந்து வற்றலாகும். அரிசிக் கூழ் வடகமாகும். பாட்டியர் பாயருகே அமர்ந்து காக்கையை ஓட்ட, சிறுவர் காயாத வடகத்தைக் கிள்ளித் தின்று வசவு வாங்குவர். அடைமழை பெய்து காய்கறி வாராத நாள்களில் அவ்வற்றலும் வடகமுமே இலையை நிரப்பும். குதிர்கள் இன்று அருகிவிட்டன. எனினும் வற்றலும் ஊறுகாயும் மறையவில்லை.

இவ்வுணவுகள் பல திங்கள் கெடாமல் இருப்பதற்குக் காரணம் யாது? காரணத்தை அறிய வேண்டுமாயின், உணவு எதனாற் கெடுகின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

காற்றிலும் நீரிலும் மண்ணிலும் கைகளிலும் கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்கள் அளவின்றி உள்ளன. உணவு மனிதருக்கு மட்டும் உணவன்று, அவற்றிற்கும் உணவாகும். அவை உணவிற் புகுந்து பல்கிப் பெருகும்போது உணவு புளித்தும் பூத்தும் நாறியும் கெடுகின்றது. அவை பெருகுவதற்கு நீர் வேண்டும். இதமான சூடு வேண்டும். புளிப்பு மிகாதிருத்தல் வேண்டும். அவற்றுட் பலவற்றுக்குக் காற்றும் வேண்டும். இவற்றுள் ஒன்றையேனும் இல்லாமற் செய்தால் அவற்றின் பெருக்கம் தடைப்படும். வெயில் வற்றலிலுள்ள நீரைப் போக்குகின்றது. உப்பு, காயிலுள்ள நீரை வெளியே இழுத்து நுண்ணுயிர்களுக்குப் பயன்படாதவாறு செய்கின்றது. மாங்காயின் புளிப்பும் எலுமிச்சையின் புளிப்பும் அவற்றை வாழவொட்டா. ஊறுகாயின் மேல் நிற்கும் நல்லெண்ணெய் காற்றைத் தடுக்கின்றது. ஊறுகாய்ச் சாடியில் ஈரக் கரண்டியை இடலாகாது என்று பாட்டியர் கடிந்து கூறியதும் இக்காரணம் பற்றியே. ஒரு துளி நீர் புகுமிடத்தில் உப்பின் வலிமை குறையும். அங்கே பூஞ்சை பூக்கும்.

ஆயினும் இம்முறைகளுக்கு ஓர் எல்லை உண்டு. வற்றலான கத்தரிக்காய் புதிய கத்தரிக்காய் ஆகாது. ஊறுகாயான மாங்காயைத் தொட்டுக்கொள்ளலாமேயன்றி வயிறார உண்ண இயலாது. பருவத்திற் பறித்த காயையும் கனியையும் பெரும்பாலும் அவ்வாறே பல திங்கள் காக்க வழியுண்டா என்னும் வினாவுக்கு விடை கண்டவர் பிரான்சு நாட்டினராகிய நிக்கோலா அப்பேர் என்பார் ஆவர்.

அப்பேர் 1749ஆம் ஆண்டு சாலோன் என்னும் ஊரிற் பிறந்தார். அவருடைய தந்தையார் விடுதி நடத்தியவர். அப்பேர் பாரிசு நகரில் இனிப்புப் பண்டங்கள் செய்து விற்கும் தொழிலை மேற்கொண்டார். சருக்கரைப் பாகில் கனிகளைக் காக்கும் முறையை அவர் நன்கு அறிவார். சருக்கரை கனியின் இயல்பான சுவையை மறைத்துவிடுகின்றதே என்னும் எண்ணம் அவரை வேறு வழி தேடத் தூண்டியது. அவர் பல ஆண்டுகள் ஓயாது முயன்றார். கண்ணாடிப் புட்டியில் உணவை இட்டு, தக்கையால் இறுக அடைத்து, கம்பியாற் கட்டி, புட்டியைத் துணிப்பையிற் பொதிந்து, நீர் நிறைந்த கொப்பரையில் வைத்துக் கொதிக்கவிட்டார். பட்டாணி, அவரை, பால், இறைச்சிச் சாறு, கனி ஆகிய ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் கொதித்தல் வேண்டும் என்பதைப் பலமுறை சோதித்து வரையறுத்தார். பிரெஞ்சுக் கடற்படையினர் அவருடைய புட்டிகளைக் கப்பலிற் கொண்டுசென்று, பல வாரங்களுக்குப் பின் திறந்து உண்டு பார்த்தனர், உணவு கெடவில்லை.

1810ஆம் ஆண்டு பிரெஞ்சு அரசாங்கம் அவருக்கு 12,000 பிராங்கு பரிசளித்தது. முறையை மறைக்காமல் நூலாக அச்சிட்டு உலகிற்கு வெளியிடுதல் வேண்டும் என்பதே அப்பரிசிற்குரிய கட்டுப்பாடு. அப்பேர் அதற்கு இசைந்து, அவ்வாண்டிலேயே நூலை வெளியிட்டார். அவர் பின்னர்ச் செல்வராய் வாழவில்லை. 1841ஆம் ஆண்டு வறுமையில் மறைந்தார். ஆயின் அவர் மறைக்காமல் வெளியிட்ட முறை நாடுகள் பலவற்றிற் பரவியது. 1810ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் பீட்டர் துராண்டு என்பவர், தகர டப்பாக்களிலும் உணவை அடைத்துக் காப்பதற்கான தனியுரிமையைப் பெற்றார்.

இங்குக் கருதத்தக்கது ஒன்றுண்டு. அப்பேர் முறையைக் கண்டாரேயன்றிக் காரணத்தைக் காணவில்லை. காற்றே உணவைக் கெடுக்கின்றது என்று அக்காலத்து அறிஞர் கருதினர். சற்றேறக்குறைய ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னர், லூயி பாஸ்டர் என்னும் அறிவியலறிஞர் உண்மையை விளக்கினார். அவர் வளைந்த நீண்ட கழுத்துடைய குடுவையில் ஊட்டமுள்ள சாற்றைக் கொதிக்கவைத்தார். கழுத்தின் வழியே காற்று உட்சென்றது. ஆனால் காற்றில் மிதக்கும் தூசியும் அதனுடன் வரும் நுண்ணுயிர்களும் வளைவிலே தங்கிவிட்டன. சாறு கெடவில்லை. கழுத்தை ஒடித்தபின் சாறு கெட்டது. கெடுப்பது காற்று அன்று, காற்றோடு வரும் நுண்ணுயிரே என்பது அதனால் விளங்கிற்று. அப்பேரின் புட்டியில் கொதிநீர் நுண்ணுயிர்களைக் கொன்றது. தக்கை புதியவை புகாமற் காத்தது.

இம்முறை ஆலைகளிலிருந்து இல்லங்களுக்கு வருவதற்குத் துணைசெய்தவர் அமெரிக்க நாட்டுத் தகரத் தொழிலாளர் ஜான் மேசன் ஆவர். தக்கையும் மெழுகும் கொண்டு அடைப்பது கடினம். மீண்டும் திறப்பது அதனினும் கடினம். அவர் 1858ஆம் ஆண்டு, கழுத்தில் திருகு மரை அமைந்த கண்ணாடிச் சாடிக்குத் தனியுரிமை பெற்றார். மூடியைத் திருகி மூடலாம். சாடியைக் கழுவி மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம். பிள்ளைகள் பலரைப் பெற்ற உழவர் குடும்பங்களில் கோடை விளைவெல்லாம் சாடிகளிற் புகுந்து, பனிக்காலம் முழுவதும் உணவாகியது. இரண்டாம் உலகப் போரின்போது, 1943ஆம் ஆண்டு, அந்நாட்டில் டப்பா உணவுக்குப் பங்கீடு வந்தது. மக்கள் வீட்டுத் தோட்டங்களிற் காய்கறி பயிரிட்டனர். கனிகளை அடைப்பதற்கு மட்டும் அரசாங்கம் கூடுதலாகச் சருக்கரை வழங்கிற்று. உலோகம் அரிதாகியதால் அண்டை வீட்டார் ஒரு கொப்பரையைத் தமக்குட் பகிர்ந்துகொண்டனர். ஊர்கள் பலவற்றில் மக்கள் ஒன்றுகூடி உணவை அடைப்பதற்குரிய பொதுக் கூடங்களும் அமைந்தன.

புட்டியில் அடைக்கும் முறையினால் இத்துணை நன்மை உண்டாயினும், அதில் பெருந்தீங்கு ஒன்றும் மறைந்துள்ளது. பெல்ஜியம் நாட்டில் எல்செல் என்னும் சிற்றூரில், 1895ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், சாவு வீடொன்றில் இசைத்தொழில் புரிய வந்த குழுவினர் உப்பிட்டுக் காத்த பன்றியிறைச்சியை உண்டனர். பலர் நோயுற்றனர், மூவர் இறந்தனர். எமில் வான் எர்மெங்கெம் என்னும் பேராசிரியர் அவ்விறைச்சியை ஆராய்ந்து, அதில் நஞ்சை விளைத்த நுண்ணுயிரைக் கண்டு, 1897ஆம் ஆண்டு உலகிற்கு அறிவித்தார். அந்நுண்ணுயிரால் வரும் நோய்க்குப் பொட்டுலிசம் என்பது பெயர். முதலிற் பார்வை மங்கும், இமைகள் தாழும், நாக்குழறும், முடிவில் மூச்சுவிடும் தசைகளும் செயலற்றுப் போகும்.

இந்நுண்ணுயிரின் இயல்பு மற்றவற்றின் இயல்புக்கு மாறானது. பிற நுண்ணுயிர்கள் பலவும் காற்றை நாட, இது காற்றில்லா இடத்தையே நாடுகின்றது. ஆகவே, இறுக மூடிய புட்டி இதற்குச் சிறை அன்று, இல்லமாகும். இது தன்னைச் சுற்றி வலிய உறையமைத்து, வித்துப்போல உறங்கவும் வல்லது. அவ்வித்துகள் 100 பாகை செல்சியசில் கொதிக்கும் நீரில் மணிக்கணக்காகக் கிடப்பினும் மடிவதில்லை. நஞ்சு விளைந்த உணவு நாறாமலும் நிறம் மாறாமலும் இருத்தல் கூடும். கண்ணும் மூக்கும் காட்டிக்கொடாத இத்தீங்கை அறிவு ஒன்றே காட்டும்.

அறிவு காட்டும் விதி மிக எளியது. இந்நுண்ணுயிர் மிக்க புளிப்பில் வளராது. எனவே காக்கப்படும் உணவுகளைப் புளிப்புடையவை, புளிப்பற்றவை என இரண்டாகப் பகுத்தல் வேண்டும். மாங்காய், நெல்லி, எலுமிச்சை, அன்னாசி முதலிய புளிப்புடையவற்றைக் கொதிநீரில் வைத்தே காக்கலாம். பயறு, அவரை, கிழங்கு, காளான், மீன், இறைச்சி முதலியன புளிப்பற்றவை. இவற்றை அடைப்பதற்குக் கொதிநீர் போதாது. அழுத்தத்தால் வெப்பத்தை ஏறத்தாழ 116 பாகைக்கு உயர்த்தும் தனிக் கொப்பரை வேண்டும். சோறு சமைக்கும் சிறிய பிரஷர் குக்கர் இதற்கு ஈடாகாது. இனிப்பு வேறு, புளிப்பு வேறு என்பதையும் மறத்தலாகாது. பப்பாளியும் வாழையும் கனிகளே ஆயினும் அவற்றிற் புளிப்புக் குறைவு. ஆகவே அவற்றை மாங்காயைப் போல எண்ணி அடைத்தல் தவறு.

ஊறுகாய்க்கும் இவ்விதி பொருந்தும். ஊறுகாயைக் காப்பது எண்ணெய் என்று பலர் எண்ணுகின்றனர். எண்ணெய் காற்றைத் தடுக்கும். ஆனால் காற்றில்லா இடமே இந்நுண்ணுயிர்க்கு உவப்பான இடம். மெய்யாகக் காப்பவை உப்பும் புளிப்புமே. பூண்டை வெறும் எண்ணெயில் இட்டு நாட்கணக்கில் வெளியே வைத்தல் தீங்கு பயக்கும். பூண்டு ஊறுகாயில் முன்னோர் புளியையும் உப்பையும் நிறையச் சேர்த்தனர். சுவைக்காக என்று கருதப்பட்ட அச்சேர்க்கை உயிரையும் காத்தது. உப்பும் புளியும் உடலுக்கு ஆகா எனக் கருதி அவற்றைக் குறைக்கின்றவர், அவ்வூறுகாயை முன்போலப் பல திங்கள் வெளியில் வைக்க இயலாது என்பதை உணர்தல் வேண்டும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி, திண்டுக்கல் மாவட்டங்களில் தக்காளி மிகுதியாக விளைகின்றது. விலை வீழ்ந்த காலத்தில் பறிகூலிக்கும் போதாமல் அது செடியிலேயே விடப்படுவதுண்டு. சாலையோரத்திற் கொட்டப்படுவதும் உண்டு. அத்தகைய காலத்தில், பெரிய குடும்பம் ஒன்று வாரத்திற்கு இரண்டு புட்டி என்னும் கணக்கில் தட்டுப்பாடுள்ள பதினாறு வாரங்களுக்கு 32 புட்டித் தக்காளியை அடைத்து வைத்தல் கூடும். தக்காளி புளிப்புக்கும் புளிப்பின்மைக்கும் எல்லையில் நிற்பது. ஆகவே அரை லிட்டர்ப் புட்டி ஒன்றுக்குக் கால் தேக்கரண்டி சிட்ரிக் அமிலம் சேர்த்தல் வேண்டும். பழுதற்ற பழங்களைக் கழுவி, வெந்நீரில் முக்கித் தோலுரித்து, நசுக்கிக் கொதிக்கவைத்து, தூய்மையான சூடான புட்டிகளில் நிரப்பி, மேலே ஒரு விரலகலம் வெற்றிடம் விடுவர். விளிம்பைத் துடைத்து மூடியிட்டு, புட்டிகள் முழுதும் மூழ்குமாறு நீரில் வைத்துக் கொதிக்கவிடுவர். அடைப்பதற்கென்றே செய்யப்பட்ட புட்டியும் புதிய மூடியுமே இதற்கு ஏற்றவை. ஆறியபின் மூடியின் நடுப்பகுதி உள்வாங்கி நிற்குமாயின், அது நன்கு பொருந்தியுள்ளது என்பது பொருள்.

எவ்வளவு நேரம் கொதிக்கவிடுதல் வேண்டும்? கடல் மட்டத்தை ஒட்டிய சென்னையில் அரை லிட்டர்ப் புட்டிக்கு 35 நிமிடம் போதும். அதே புட்டியை உதகையில் 50 நிமிடம் கொதிக்கவிடுதல் வேண்டும். உதகை கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்குக் காற்றின் அழுத்தம் குறைவு. ஆகவே நீர் 93 பாகை அளவிலேயே கொதித்துவிடுகின்றது. கொதிக்கும் தோற்றம் ஒன்றே, வெப்பம் வேறு. சென்னையிற் கற்ற முறையை உதகையில் அவ்வாறே பின்பற்றுபவர், தாம் ஏதும் தவறு செய்யவில்லை என்றே எண்ணுவர். முறையை மட்டும் அறிந்தவர்க்கும் காரணத்தையும் அறிந்தவர்க்கும் உள்ள வேறுபாடு இதுவேயாகும்.

அடைத்த புட்டி ஒவ்வொன்றின் மீதும் உணவின் பெயரையும் நாளையும் எழுதி ஒட்டுதல் வேண்டும். குளிர்ந்த, இருண்ட, உலர்ந்த இடத்தில் வைத்து, முன்னர் அடைத்ததை முன்னர் எடுத்து ஓராண்டுக்குள் உண்ணுதல் வேண்டும். மூடி உப்பியிருந்தாலும், திறக்கும்போது சாறு சீறி எழுந்தாலும், கசிவு காணப்பட்டாலும், அதனைச் சிறிதும் சுவைத்துப் பாராமல் எறிந்துவிடுதல் வேண்டும். வீணாகின்றதே என்று வருந்தி ஒரு வாய் உண்டு பார்ப்பது சிக்கனம் அன்று. ஒரு புட்டித் தக்காளியின் விலை சிறிது. அதனை உண்ணும் பிள்ளையின் உயிர் விலை மதிப்பற்றது.

அன்று சமைத்து அன்றே உண்ணும் உணவில் குறை நேர்ந்தால், சமைத்தவர் அருகிலிருந்து திருத்திக்கொள்ளலாம். காத்து வைக்கும் உணவு அத்தகையது அன்று. சித்திரையில் ஒருவர் மூடிய சாடியை ஐப்பசியில் மற்றொருவர் திறக்கின்றார். திறப்பவர் பள்ளியிலிருந்து பசியோடு வந்த சிறுவராகவும் இருக்கலாம். அவர் சாடியின் உள்ளே என்ன நிகழ்ந்தது என்று ஆராய்வதில்லை. மூடியவர்மீது வைத்த நம்பிக்கையால் உண்கின்றார். அந்நம்பிக்கைக்குத் தகுதியுடையவராதற்கு, உலர்த்தினாலும் உப்பிட்டாலும் புட்டியில் அடைத்தாலும், செய்யும் முறையோடு அதன் காரணத்தையும் அறிந்து செய்தல் வேண்டும்.